என் மனைவியின் நம்மாளு

என் மனைவி அந்த ஆளைத் தேட ஆரம்பித்தபோது அவளுக்கு நாற்பத்தெட்டு வயது, எனக்கு ஐம்பத்து மூன்று. அந்த ஆள் செத்து இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவர் மேல் நான் பட்ட பொறாமையை உயிரோடு இருக்கிற எவன் மேலும் பட்டதில்லை.

அவள் கோயமுத்தூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் வரலாறு நடத்துகிறாள். எனக்கு அன்னூர் ரோட்டில் ஒரு சின்ன ஃபவுண்டரி. இரும்பை உருக்கி, மணல் அச்சில் ஊற்றி, மோட்டார் பம்புக்கான உறைகள் வார்த்துக் கொடுக்கிறோம். மகள் கல்யாணமாகிச் சென்னைக்குப் போனதும் வீடு வெறிச்சென்று ஆனது. "பி.எச்.டி. பண்ணலாம்னு இருக்கேனுங்க" என்றாள். பண்ணு என்றேன். மூன்று வருஷத்தில் முடித்து, பேருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொள்வாள், அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

அவள் எடுத்துக்கொண்டது அமெரிக்காவின் ஆரம்ப காலம். இருபது வருஷமாக அந்தப் பாடத்தை நடத்துகிறவள். புத்தகத்தில் தளபதிகளும் கையெழுத்துப் போட்டவர்களும் மட்டுமே இருக்கிறார்கள், அவர்களுக்குச் சோறாக்கினவர்கள், துணி துவைத்தவர்கள், புகையிலை அறுத்தவர்கள் எங்கே போனார்கள் என்று அவளுக்கு ஒரு குறை. அந்தக் காலத்துச் செய்தித்தாள்களையெல்லாம் படமெடுத்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள். மகளின் அறையில் கம்ப்யூட்டர் முன்னால் காலை ஐந்து மணிக்கு உட்கார்ந்தால் ஏழு வரைக்கும் எழுந்திருக்க மாட்டாள். அவள் தேடியது விளம்பரங்களை. ஓடிப்போன அடிமையை, வேலைக்காரரைப் பிடித்துத் தரும்படி முதலாளிகள் கொடுத்த விளம்பரங்கள். அடையாளம் சொல்ல வேண்டுமே என்பதற்காக உயரம், நடை, பேச்சு, உடுத்தியிருந்த துணி எல்லாவற்றையும் எழுதியிருப்பார்களாம். "ஒருத்தரப் பத்தி இவ்வளவு எழுதுனதே அவரு ஓடிப்போனதாலதானுங்க" என்பாள்.

ஒரு ஆடி மாதக் காலையில் நான் காபி ஆற்றிக்கொண்டிருந்தபோது அடுப்படிக்கு ஓடிவந்தாள்.

"ஏனுங்க! வர்ஜீனியாவுல நம்மாளு ஒருத்தர் இருந்திருக்காருங்க!"

"எந்த ஊருக்காரர்?"

"ஊரெல்லாம் போடலீங்க. கிழக்கிந்தியாவுல பொறந்தவர்னு மட்டும் போட்டிருக்குது, அப்ப இந்தியாவ அப்படித்தான் சொல்வாங்க. ஒரு புகையிலைப் பண்ணையிலிருந்து ஓடிப்போயிருக்காரு."

கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் இங்கிருந்து வேலைக்குக் கூட்டிப்போனவர்கள் சிலர் லண்டன் வழியாக அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறார்கள் என்று விளக்கினாள். பேர் கூட முதலாளி வைத்த வெள்ளைக்காரப் பேர்தான். அந்தப் பேரை அவள் ஒருநாளும் சொன்னதில்லை. அன்றிலிருந்து அவர் எங்கள் வீட்டில் நம்மாளு.

நம்மாளு நல்ல உயரம். நம்மாளு மெதுவாகப் பேசுவார். நம்மாளு ஓடும்போது நீலக் கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தார். இட்லி சாப்பிடும்போதும், சந்தைக்குப் போகும்போதும், பெருந்துறையில் அவள் சித்தப்பா மகன் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போதும் நம்மாளு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தை, "யாரு கண்ணு, உங்க காலேஜ் வாத்தியாருங்களா?" என்று கேட்டார்.

முதலில் சிரித்தேன். ஒருநாள் ஈரோட்டு ஜவுளிச் சந்தையில் அவள் ஒரு மணி நேரம் கடைகடையாக ஏறி இறங்கி நீலக் கட்டத் துணி இரண்டு மீட்டர் வாங்கினாள். எனக்குச் சட்டை தைக்கத்தான் என்று நம்பி, எதுவும் கேட்காமல் பையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் அதைக் கம்ப்யூட்டர் நாற்காலியின் முதுகில் போர்த்திவிட்டு, தள்ளி நின்று பார்த்தாள். "தூரத்துல இருந்து பாத்தா எப்படித் தெரியும்னு பாக்கறேனுங்க. ரோட்டுல போறவங்களுக்குச் சீக்கிரம் அடையாளம் தெரிஞ்சிருக்கும், பாவம்" என்றாள். கல்யாணமான இருபத்தாறு வருஷத்தில் என் சட்டை தூரத்திலிருந்து எப்படித் தெரியும் என்று அவள் யோசித்ததில்லை. எனக்குள் ஏதோ புளித்தது. பொச்சரிப்பு என்று எங்கள் பக்கம் சொல்வோம்.

அதற்குப் பிறகு நான் கணக்காகப் பார்க்க ஆரம்பித்தேன். எனக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாள் படுத்திருந்தபோது, "மாத்திரை போட்டீங்களா?" என்று வாசற்படியில் நின்று கேட்டாள். அதே வாரம் நம்மாளு பனிக்காலத்தில் ஓடியிருக்கிறார் என்று தெரிந்து கண் கலங்கினாள். அந்த முதலாளி அவரைச் சீக்கிரம் பிடித்துத் தொலைத்திருக்கலாம், கதை முடிந்திருக்கும் என்று நான் நினைத்தேன். இதை எழுதும்போது கூசுகிறது. ஆனாலும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அந்த விளம்பரத்தைப் பெரிதாக அச்செடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஓரிடத்தில் மை பரவியிருந்தது. "உங்க கண்ணுக்கு என்ன தெரியுதுன்னு பாருங்க" என்று பூதக்கண்ணாடியைக் கொடுத்தாள். பல வாரங்களுக்குப் பிறகு ஏதோ ஒன்றை என்னிடம் கேட்கிறாள் என்று சந்தோஷமாக வாங்கினேன்.

அது அவருடைய உடம்பின் அடையாளம் சொல்லும் வரி. இரண்டு முழங்காலுக்கும் கீழே, பாதத்தின் மேல்புறம் வரைக்கும், சின்னச் சின்ன வட்டத் தழும்புகள். பளபளப்பானவை. முகத்திலும் கையிலும் எதுவும் இல்லை.

"கப்பல்ல வந்தவங்களுக்குச் சரியான சாப்பாடு இல்லாமச் சொறி புடிக்குமுங்க. அதோட வடுவா இருக்கும்னு எங்க கைடு சொல்றாரு. ஒரு சேப்டரே அதப்பத்தி எழுதப்போறேன்" என்றாள்.

படித்த கணமே எனக்குத் தெரிந்துவிட்டது. அது சொறி இல்லை. உருக்கிய இரும்பை அச்சில் ஊற்றும்போது மணலில் கொஞ்சம் ஈரம் மிச்சம் இருந்தால் போதும், இரும்பு பொரி மாதிரித் தெறிக்கும். தரையோடு தரையாக வைத்த அச்சிலிருந்து தெறிப்பது முழங்காலுக்குக் கீழேதான் விழும். ஆறின பிறகு நகத்தின் அளவில் வழுவழுவென்று ஒரு வட்டம் நிற்கும். சாகும் வரைக்கும் போகாது. வார்ப்புத் தளத்தில் நின்ற எவன் காலைப் பார்த்தாலும் தெரியும். நம்மாளு புகையிலைப் பண்ணைக்கு வருவதற்கு முன்னால் எங்கோ ஓர் இரும்பு உலையில் வருஷக்கணக்கில் நின்றிருக்கிறார்.

எனக்கும் அந்தத் தழும்புகள் உண்டு. அப்பா இருந்தபோது இளவட்டத்தில் நானே கரண்டி பிடித்து ஊற்றியிருக்கிறேன். கல்யாணமான முதல் வருஷத்தில் ஒரு காயத்துக்கு அவள்தான் மருந்து போட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முக்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். அவள் கையிலிருந்த காகிதத்துக்கும் என் காலுக்கும் நடுவில் ஒரு முழம் கூட இருக்காது. ஒருமுறை திரும்பிப் பார்த்திருந்தால் போதும்.

அவள் திரும்பவில்லை. "என்னுங்க, ஏதாவது தெரியுதுங்களா?" என்றாள்.

"இல்ல அம்மணி, மை பரவியிருக்குது" என்றேன்.

அப்படித்தான் ஆரம்பித்தது. அவளே பார்க்கட்டும் என்று இருந்தேன். வீட்டில் அரை டவுசர் போட ஆரம்பித்தேன். இந்த வயசில் இதென்ன என்று மகள் போனில் சிரித்தாள். ஒருநாள் அவள் படித்துக்கொண்டிருந்த மேசை ஓரத்திலேயே காலைத் தூக்கி வைத்தேன். "அக்கட்டால எடுங்க, பேப்பர் கசங்குது" என்று தள்ளிவிட்டாள். ஒவ்வொரு முறையும் எனக்குப் பிடிவாதம் ஏறியது. செத்துப்போனவன் காலைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறாளே, பக்கத்தில் இருக்கிறவன் காலைப் பார்க்க மாட்டேன் என்கிறாளே என்று மனசுக்குள் மல்லுக்கு நின்றேன். மாதங்கள் ஓடின. அவள் சொறியைப் பற்றி நாற்பது பக்கம் எழுதினாள்.

மாசியில் ஈரோட்டில் ஒரு கல்லூரியில் கருத்தரங்கு. கட்டுரை படிக்க அவளைக் காரில் கூட்டிப்போனேன். கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். நன்றாகத்தான் படித்தாள். முடிந்ததும் வைத்தியம் பார்க்கிற ஒரு வயசான டாக்டர் எழுந்தார். மரியாதையாகத்தான் கேட்டார்.

"ஏனுங்கம்மா, அந்தச் சொறியில வட்டமா, பளபளன்னு, முழங்காலுக்குக் கீழ மட்டும் வடு நிக்குங்களா? நான் பாத்ததில்லீங்க. வேற ஏதோ மாதிரித் தோணுது."

"வேற என்னவா இருக்கலாமுங்க?"

"அது எனக்குத் தெரியலீங்களே."

சபையில் நாலைந்து பேர் சிரித்தார்கள். அவள் நன்றி சொல்லிவிட்டு இறங்கினாள்.

திரும்பும்போது பெருந்துறை தாண்டி ஒரு கடையில் டீக்கு நிறுத்தினேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றாள்.

"நான் அவரத் தப்பாப் படிச்சுபோட்டேனுங்க" என்றாள். "எங்கயோ ஒண்ணு என் கண்ணுக்கு முன்னாலயே இருக்குது. தெரிய மாட்டேங்குது."

வாய் வரைக்கும் வந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். அவ்வளவு வருத்தமும் அவருக்காக. எனக்காக இப்படி ஒருநாள் அவள் ரோட்டோரத்தில் நின்று கலங்கியிருக்கிறாளா என்று தோன்றியது. "டீ ஆறுது, குடி" என்றேன். நான் செய்ததிலேயே மோசமானது அதுதான். ஞாயிற்றுக்கிழமை மறைத்ததை ரோஷம் என்று சொல்லிக்கொள்ளலாம். டீக்கடையில் மறைத்ததற்குப் பேர் வேறு.

சித்திரையில் ஒரு காலை, ஏழரை ஆகியும் அவள் அறையிலிருந்து வரவில்லை. உள்ளே போனேன். கம்ப்யூட்டரை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சிக்காரப் பெண், வர்ஜீனியாவில் ஒரு பழைய இரும்பு உலையின் காகிதங்களைப் படித்துக் கட்டுரை எழுதியிருந்தார். அங்கே வேலை செய்த அடிமைகளுக்குச் செருப்பும் போர்வையும் கொடுத்த பட்டியல் கிடைத்திருக்கிறது. அதில் ஒருவர் கிழக்கிந்தியர். பேர் வேறு. உலையை மூடியபோது அவரை ஒரு புகையிலைப் பண்ணைக்காரருக்கு விற்றதோடு தகவல் முடிகிறது.

"இன்னொருத்தர் கெடைச்சிருக்காருங்க" என்றாள். குரலில் சந்தோஷம் இல்லை. "அந்தம்மாவோட ஆளுக்கு எல்லாமே இருக்குது. எந்த வருஷம் வந்தாரு, என்ன வேலை செஞ்சாரு, யாரு கூடத் தங்குனாரு, எல்லாமே. என்ற ஆளுக்கு ஒரே ஒரு விளம்பரம். அதையும் நான் தப்பாப் படிச்சேன். அவங்க ஊரு, அவங்க ரெக்கார்டு ஆபீஸ், நடந்து போய் எடுத்துப் பாத்துக்கறாங்க. நாம இங்க உக்காந்து என்னத்தத் தேடறது?"

அவள் உதடு ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. முகம் கறுத்திருந்தது. எனக்கு அது பழகின முகம். பத்து மாதமாகச் சவரம் பண்ணும்போது கண்ணாடியில் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் படுகிற பாட்டைப் பார்த்ததும் அந்தப் பிடிவாதம் என் கையை விட்டுப் போய்விட்டது.

"இன்னொருத்தர் இல்ல அம்மணி" என்றேன். "அவரேதான்."

"எப்படிச் சொல்றீங்க? பேரே வேற."

"முதலாளி மாறுனா பேரையும் மாத்திப்போடுவாங்கன்னு நீதான சொன்ன? தழும்பப் பாரு." நாற்காலியில் காலைத் தூக்கி வைத்தேன். "இரும்பு தெறிச்சா இப்படித்தான் நிக்கும்."

அவள் குனிந்து பார்த்தாள். விளம்பரத்தை எடுத்து வைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். ஒரு வட்டத்தை விரலால் தொட்டாள். அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். ஒரு நிமிஷம்தான் இருந்தது. பிறகு நிமிர்ந்தாள்.

"இது உங்களுக்கு எப்ப இருந்து தெரியுமுங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். "அந்த ஞாயித்துக்கெழமையே" என்றேன்.

"ஈரோட்டுக்குப் போனப்பவும் தெரியும்."

"தெரியும்."

"ஏனுங்க சொல்லல?"

நீ என் காலைப் பார்க்கவில்லை என்று சொன்னேன். அந்த வார்த்தையை வெளியே கேட்டதும் எவ்வளவு சின்னதாக இருந்தது என்று எனக்கே விளங்கியது. அவள் கத்தவில்லை. "அன்னைக்கே சொல்லியிருந்தா இரும்பு உலைக் காகிதத்த நான் தேடியிருப்பேன். அந்தம்மாவுக்கு முன்னாலயே எழுதியிருப்பேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள்.

ஒன்பது நாள் பேசவில்லை. சோறு போட்டாள், துணி மடித்து வைத்தாள், பேசவில்லை.

பத்தாம் நாள் பகல் பதினொரு மணிக்கு அவளுடைய ஸ்கூட்டர் ஃபவுண்டரிக்குள் வந்தது. அவள் அங்கே வந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். ஆபீசை விட்டு எழுந்து வெளியே வந்தேன். என்னைத் தாண்டி வார்ப்புத் தளத்துக்குப் போனாள். என்னிடம் முப்பது வருஷமாக வேலை செய்கிற மோல்டர், அச்சுக் கட்டுவதில் கெட்டிக்காரர், மணல் தட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, உங்க காலச் சித்த பாக்கலாமுங்களா?"

அவர் பதறி என்னைப் பார்த்தார். "காலையா? எதுக்குங்க டீச்சர்?"

"ஒருத்தரப் பத்தித் தெரிஞ்சுக்கணுமுங்க."

அவர் கூச்சப்பட்டுக்கொண்டே பேண்ட்டைச் சுருட்டினார். அவள் ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்து ஒவ்வொரு தழும்பாகக் கேட்டாள். இது எப்போது, எந்த வேலையில், எத்தனை நாளில் ஆறியது, செருப்பு போட்டிருந்தீர்களா, வலி எப்படி இருக்கும். அவர் முதலில் ஒற்றை வார்த்தையில் சொன்னார். பிறகு தானாகவே சொல்ல ஆரம்பித்தார். தெறித்தது துணியில் ஒட்டிக்கொண்டால் உதறக் கூடாது, உதறினால் உள்ளே இறங்கும் என்றார். மழைக்காலத்தில்தான் அதிகம், மணல் காயாது என்றார். மற்ற ஆட்களும் வேலையை விட்டுவிட்டுக் கூடினார்கள். ஒவ்வொருவரும் காலைக் காட்டினார்கள். அவள் எழுதினாள், போட்டோ எடுத்தாள்.

நான் ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். முப்பது வருஷமாக எனக்குச் சோறு போடுகிற அந்த மனுஷன் மேல் அன்றைக்கு எனக்குப் பொறாமை வந்தது. என் பக்கம் வருவாள், என்னிடமும் நாலு கேள்வி கேட்பாள் என்று காத்திருந்தேன். அவள் எல்லோருக்கும் கும்பிட்டு, "வாரேனுங்க" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தாள்.

பொழுதோட, இருட்டுகிற நேரத்தில் வீட்டுக்குப் போனபோது பேசினாள். "உங்க ஆளுக நல்ல ஆளுகளுங்க" என்றாள். அதுதான் பத்து நாள் கழித்து வந்த முதல் பேச்சு.

பிறகு அவள் அந்த அமெரிக்கப் பெண்ணுக்கு எழுதினாள். உங்கள் பட்டியலில் இருக்கிறவரும் என் விளம்பரத்தில் இருக்கிறவரும் ஒருவரே, இதோ காரணம் என்று தழும்புப் படங்களோடு அனுப்பினாள். இரண்டே நாளில் பதில் வந்தது. அந்தம்மா அந்த விளம்பரத்தைப் பார்த்திருந்தாராம், பேர் வேறாக இருந்ததால் சேர்த்து யோசிக்கவில்லையாம். பண்ணைக்காரரின் பேரும் ஒத்துப்போனது. இருவரும் சேர்ந்து எழுதினார்கள். சனிக்கிழமை சாயங்காலங்களில் வீடியோவில் பேசிக்கொண்டார்கள். அறைக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வரும். நான் டிவியின் சத்தத்தைக் கூட்டுவேன்.

கட்டுரை வந்தது. மோல்டரின் கால் படம் அரைப் பக்கத்துக்கு அச்சாகியிருந்தது. அவர் அதைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறார். கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில் கோயமுத்தூர் ஃபவுண்டரித் தொழிலாளர்களுக்கு நன்றி என்று இருந்தது. இரண்டு முறை படித்தேன். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"எனக்கு ஒண்ணும் போடலியா?" என்று கேட்டேவிட்டேன்.

"உங்களுக்கு நன்றி போட்டா, எப்பச் சொன்னீங்கன்னும் போடணுமுங்களே. பரவாயில்லீங்களா?"

அவள் சிரிக்காமல்தான் சொன்னாள். நான் எழுந்து போய்விட்டேன்.

இந்த வருஷம் அவளை மூன்று வாரத்துக்கு வர்ஜீனியாவுக்குக் கூப்பிட்டார்கள். நான் விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்து, தனியாக ரசம் வைத்துச் சாப்பிட்டேன். திரும்பி வந்து படங்களைக் காட்டினாள். உலை இன்றும் கல்லாக நிற்கிறது, செடி முளைத்து. அதன் முன்னால் அவளும் அந்தம்மாவும் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். அப்படி வாய் விட்டுச் சிரிக்கிற படம் எங்கள் ஆல்பத்தில் ஒன்று கூட இல்லை.

"யாரு எடுத்தது?"

"அவங்க ஊட்டுக்காரருங்க. தச்சு வேலை செய்யறாரு. ரொம்ப நல்ல மாதிரி. அந்தம்மா எழுதுனது ஒவ்வொண்ணையும் படிச்சிருக்காருங்க. என்ற தீசிசக்கூட வாங்கிப் படிச்சுப்போட்டு, சாப்பாட்டு மேசையில உக்காந்து சந்தேகம் கேட்டாரு."

அவளுக்கு டாக்டர் பட்டம் வாங்கித் தந்த அந்தத் தீசிஸ் கறுப்பு அட்டை போட்டு ஹால் அலமாரியில் ஒரு வருஷமாக நிற்கிறது. அட்டையைத் துடைத்திருக்கிறேன். திறந்ததில்லை.

மறுநாள் ஃபவுண்டரிக்குக் கிளம்பும்போது அதை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆபீஸில் உட்கார்ந்து ஒரு நாளைக்கு ஐந்தாறு பக்கம் படிக்கிறேன். அவள் இங்கிலீஷ் எனக்குக் கொஞ்சம் கஷ்டம். தெரியாத வார்த்தைகளைப் போனில் தேடிப் பார்க்கிறேன். மூன்றாம் அத்தியாயத்தில்தான் எனக்கு ஒன்று தெரிந்தது. போர்வைப் பட்டியலில் நம்மாளுக்கும் ஒரு பெண்ணுக்கும் சேர்த்து ஒரே போர்வை கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பெண்ணுக்குப் பேர் கூட எழுதவில்லை. இவரை விற்றபோது அவள் என்ன ஆனாள் என்று தெரியவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும், "அந்தப் பொம்பள எங்க போனாங்க அம்மணி? அவங்களத் தேடித்தான் இவரு ஓடியிருப்பாரா?" என்று கேட்டேன்.

அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"எத்தனாவது பக்கத்துல இருக்கறீங்க?" என்றாள்.

நூற்றுப் பதினாலு என்றேன். கையைக் கழுவிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.